காலம் நிற்காது, அதனால் என்ன செய்ய?

துருக்கியில் அய்டின் நகருக்குப் பக்கத்தில் 1883-ல் ஒரு கல்லறைக் கல் கண்டெடுக்கப்பட்டது. சின்னத் தூண் மாதிரி இருக்கும். செய்கிலோஸ் என்பவர் நட்டுவைத்தது, காலம் கி.பி. முதல் அல்லது இரண்டாம் நூற்றாண்டு. அதில் கிரேக்க மொழியில் ஒரு குட்டிப் பாட்டு வெட்டப்பட்டிருக்கிறது. பாட்டின் சொற்களுக்கு மேலே எழுத்துகளாலும் கோடுகளாலும் சுரக் குறிப்பும் தாளக் குறிப்பும் இருக்கின்றன. இசைக் குறிப்போடு முழுசாக நமக்குக் கிடைத்திருக்கும் பாட்டுகளில் உலகிலேயே பழையது இதுதான். இதைவிடப் பழைய குறிப்புகள் உண்டு, ஆனால் அவை துண்டுதுண்டாகவே கிடைத்திருக்கின்றன.

பாட்டு சொல்வது இவ்வளவுதான்: உயிரோடு இருக்கும்வரை ஒளிர்ந்திரு. எதற்கும் வருந்தாதே. வாழ்வு கொஞ்ச காலம்தான். முடிவைக் காலம் கேட்டு வாங்கிவிடும்.

அந்தக் கல்லுக்கு நடந்ததும் வேடிக்கைதான். ரயில்வே வேலைக்காக அங்கே போயிருந்த ஒருவரின் வீட்டில் அது பூந்தொட்டி வைக்கும் மேடையாக இருந்தது. நேராக நிற்கவேண்டும் என்று அடிப்பகுதியை அறுத்துவிட்டார்கள். அதில் கொஞ்சம் எழுத்தும் போனது. இப்போது டென்மார்க்கின் தேசிய அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது.

"இன்றைக்கு வாழு, நாளையை நம்பாதே" என்று சொல்லும் பாட்டுகள் எல்லா மொழியிலும் உண்டு. எஃப்.எம். ரேடியோவை அரைநாள் ஓடவிட்டால் நாலைந்தாவது காதில் விழும். எல்லாம் ஒரே மாதிரி ஒலிப்பதால் எல்லாம் ஒன்றையேதான் சொல்கின்றன என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை. இந்த வகைப் பாட்டு ஒவ்வொன்றுக்கும் இரண்டு பாதி உண்டு. முதல் பாதி: காலம் நிற்காது, இளமை போகும், சாவு வரும். இரண்டாம் பாதி: அதனால் இதைச் செய். முதல் பாதி எல்லாருக்கும் பொதுச்சொத்து. அந்த "அதனால்" வரும் இடத்தில்தான் கவிஞர்கள் ஆளுக்கொரு பக்கமாகப் போகிறார்கள். ஒருவர் குடி என்பார், ஒருவர் காதலி என்பார், ஒருவர் கல்யாணம் செய்துகொள் என்பார், இன்னொருவர் தர்மம் செய் என்பார். செய்கிலோஸ் ஒளிர்ந்திரு என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

ஒரு பாட்டைப் புரிந்துகொள்ள அந்த "அதனால்" என்ன என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது. மீதி, யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று பார்ப்பது.

ரோமாபுரியின் எட்டு வரி

ஐரோப்பிய இலக்கியத்தில் இந்தக் கருத்துக்குப் பெயரே உண்டு: கார்ப்பே டியம். லத்தீன் மொழி, இன்றைய நாளை எடுத்துக்கொள் என்று பொருள். ரோமானியக் கவிஞர் ஹோரஸ் கி.மு. 23-ல் வெளியிட்ட பாடல் தொகுப்பின் முதல் நூலில் பதினோராவது பாட்டில் வருகிறது. மொத்தமே எட்டு வரி.

லியூகோனோயி என்ற பெண்ணிடம் பேசுகிறார். கடவுள் உனக்கு எத்தனை வருஷம் தந்திருக்கிறார், எனக்கு எத்தனை என்று கேட்டுக்கொண்டிருக்காதே. பாபிலோனியரின் கணக்கையெல்லாம் போட்டுப் பார்க்காதே என்று ஆரம்பிக்கிறார். பாபிலோனியக் கணக்கு என்றால் ஜோசியம். ஜாதகக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிற பழக்கம் அந்தக் கால ரோமிலும் இருந்திருக்கிறது. வெளியே குளிர்காலக் கடல் பாறைகளில் மோதி ஓய்ந்துகொண்டிருக்கிறது. இதுதான் நமக்குக் கடைசிக் குளிர்காலமோ, இன்னும் பல இருக்கிறதோ, வந்ததை ஏற்றுக்கொள். திராட்சை மதுவை வடிகட்டு. நீண்ட ஆசைகளைச் சின்னதாக வெட்டிக்கொள். நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே காலம் ஓடிவிட்டது. இன்றைய நாளை எடுத்துக்கொள், நாளையைக் கூடியமட்டும் நம்பாதே.

கூச்சல் போடாத பாட்டு இது. ஹோரஸ் எபிக்யூரஸ் என்ற கிரேக்கத் தத்துவவாதியின் வழியில் நின்று எழுதியவர். எபிக்யூரஸ் பெயரைச் சொன்னால் விருந்தும் கூத்தும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த மனிதர் ரொட்டியும் தண்ணீரும் போதும் என்றவர். வலி இல்லாத உடம்பும் கலக்கம் இல்லாத மனசும்தான் இன்பம் என்றவர். ஹோரஸ் மதுவை வடிகட்டச் சொல்வதையும் அந்த அளவோடுதான் எடுத்துக்கொள்ளவேண்டும்.

கருத்து ஹோரஸோடு பிறந்ததும் இல்லை. பாபிலோனியாவின் கில்கமேஷ் காவியத்தில், 3,700 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வடிவத்தில், சாகாவரம் தேடி அலையும் அரசனிடம் சிதூரி என்ற பெண் பேசுகிறாள். கடலோரத்தில் மதுக்கடை வைத்திருப்பவள். நீ தேடும் வாழ்வு உனக்குக் கிடைக்காது, மனிதனுக்குச் சாவைத்தான் தேவர்கள் ஒதுக்கியிருக்கிறார்கள் என்கிறாள். அப்புறம் அவள் தரும் பட்டியல்: வயிறு நிறையச் சாப்பிடு, பகலும் இரவும் மகிழ்ந்திரு, துணி வெளுத்ததாக இருக்கட்டும், தலைக்குக் குளி, உன் கையைப் பிடித்திருக்கும் குழந்தையைப் பார், மனைவியை அணைத்துக்கொள். மதுக்கடைக்காரி குளியலையும் குழந்தையையும் சொல்வது எனக்கு ஹோரஸின் மதுக்கோப்பையைவிடப் பிடித்திருக்கிறது.

இதே பேச்சைக் குற்றச்சாட்டாகவும் கேட்கலாம். "உண்போம், குடிப்போம், நாளைக்குச் சாவோம்" என்ற வாக்கியத்தைப் பலரும் அறிவுரை என்று நினைத்து மேற்கோள் காட்டுகிறார்கள். பைபிளில் ஏசாயாவின் புத்தகத்தில் அது வருவது திட்டுவதற்காக: அழுது மனம் திரும்பவேண்டிய நேரத்தில் இந்த ஊர்க்காரர்கள் இப்படிப் பேசுகிறார்களே என்று. நம் பக்கத்தில் சார்வாகர்கள், கடவுளையும் மறுமையையும் நம்பாத பழைய தத்துவக் கூட்டம். "இருக்கும்வரை சுகமாக இரு, கடன் வாங்கியாவது நெய் குடி" என்று ஒரு வடமொழிச் சுலோகம் அவர்கள் பெயரில் வழங்குகிறது. அது பிரபலமானது, பதினான்காம் நூற்றாண்டில் மாதவர் எழுதிய தத்துவ நூலில் எதிராளியின் கட்சியாக எடுத்துச் சொல்லப்பட்டதால். சார்வாகர்கள் தாங்களே எழுதியவை ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. எதிரி சொல்லித்தான் ஒருவரைத் தெரியும் என்றால் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்பது நல்லது. தவணையில் போன் வாங்கும் இந்தக் காலத்தில் அந்த நெய்யைப் பற்றிக் கேலி பேச யாருக்கும் பெரிய உரிமை இல்லை என்பது வேறு விஷயம்.

யார் யாரிடம் சொல்கிறார்கள்

இங்கிலாந்தில் பதினேழாம் நூற்றாண்டில் இந்தப் பாட்டு ஒரு மோஸ்தராகவே ஆனது. இரண்டு பேரைப் பார்த்தால் போதும்.

ராபர்ட் ஹெரிக் டெவன்ஷயரில் ஒரு கிராமத்துப் பாதிரியார். 1648-ல் வந்த அவருடைய தொகுப்பில் கன்னிப் பெண்களுக்கு ஒரு பாட்டு இருக்கிறது. ரோஜா மொட்டுகளை முடியும்போதே பறித்துக்கொள்ளுங்கள், இன்று சிரிக்கும் பூ நாளைக்கு வாடிவிடும், சூரியன் மேலே ஏற ஏற அஸ்தமனம் நெருங்குகிறது என்று போகிறது. கடைசியில் அவருடைய "அதனால்" வருகிறது: வெட்கப்பட்டுக்கொண்டு நிற்காமல் கல்யாணம் செய்துகொள்ளுங்கள். சொன்னவர் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளாதவர். வில்லியம் லாஸ் என்ற இசையமைப்பாளர் இதற்கு மெட்டுப் போட்டார். அந்தக் காலத்தில் நன்றாக ஓடிய பாட்டு. ஆக இன்று பாடப்புத்தகத்தில் இருக்கும் கவிதை ஒருகாலத்தில் ஹிட் பாட்டாக இருந்தது.

ஆண்ட்ரூ மார்வெல் வேறு ஆள். அவர் இறந்து மூன்று வருஷம் கழித்து, 1681-ல் அச்சான கவிதையில் ஒரு வக்கீல் வாதாடுவதுபோல் வாதாடுகிறார். நமக்கு உலகமும் காலமும் தாராளமாக இருந்தால், அன்பே, உன் வெட்கம் குற்றமே இல்லை. நீ கங்கைக் கரையில் மாணிக்கம் பொறுக்கு, நான் என் ஊர் ஹம்பர் ஆற்றங்கரையில் புலம்பிக்கொண்டிருக்கிறேன். உன் கண்களைப் புகழவே நூறு வருஷம் எடுத்துக்கொள்வேன். ஆனால் என் முதுகுக்குப் பின்னால் காலத்தின் சிறகு வைத்த தேர் விரைந்து வரும் சத்தம் எப்போதும் கேட்கிறது. கல்லறை அருமையான தனியிடம்தான், அங்கே யாரும் கட்டித் தழுவுவதில்லை. அதனால்…

அழகான கவிதை, மறுக்கமுடியாது. அதே நேரம், ஓர் ஆண் தன் காரியம் ஆகவேண்டும் என்று ஒரு பெண்ணிடம் புழுவையும் பிணத்தையும் காட்டிப் பேசும் கவிதையும்தான். அவள் என்ன சொன்னாள் என்பது கவிதையில் இல்லை. இந்த வகைப் பாட்டுகளில் நூற்றுக்கு முக்கால்வாசி இப்படி ஒருபக்கப் பேச்சு. நம் சினிமாவில் கதாநாயகியின் வழியை மறித்துக்கொண்டு "இளமை போனா வருமா" என்ற பொருளில் பாடும் கதாநாயகர்கள் எல்லாரும், படித்திருந்தாலும் படிக்காவிட்டாலும், மார்வெலின் வாரிசுகள்.

இதே வாதத்தைத் தலைகீழாகப் பார்க்க கலித்தொகைக்குப் போகவேண்டும். அதன் பதினெட்டாம் பாட்டு, பாலைக்கலிப் பகுதியில் வருவது, பாடியவர் பாலை பாடிய பெருங்கடுங்கோ. பொருள் தேடப் புறப்படும் தலைவனைத் தோழி நிறுத்திப் பேசுகிறாள். பணம் பணம் என்று மனம் துரத்தும். ஆனால் இளமையையும் காதலையும் ஒருசேரப் பெற்றவர்கள் விரும்புவதற்குச் செல்வத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு இப்படி முடிக்கிறாள்:

"ஒன்றன்கூ றாடை உடுப்பவரே ஆயினும்
ஒன்றினார் வாழ்க்கையே வாழ்க்கை, அரிதரோ
சென்ற இளமை தரற்கு."

ஒரு கையால் ஒருவரை ஒருவர் தழுவிக்கொண்டு, மறு கையால் ஒரே துணியைக் கிழித்த பாதியை உடுத்திக்கொள்ளும் அளவுக்கு வறுமை என்றாலும், சேர்ந்து இருப்பவர்களின் வாழ்க்கைதான் வாழ்க்கை. போன இளமையைத் திருப்பித் தருவது யாராலும் ஆகாது. ஹெரிக்கின் ரோஜாவும் மார்வெலின் தேரும் சொல்வதைத்தான் இவளும் சொல்கிறாள். ஆனால் சொல்பவள் பெண், கேட்பவன் ஆண். அவனிடம் இவள் புதிதாக எதையும் கேட்கவில்லை, போகாதே என்கிறாள், அவ்வளவுதான். பணக்கணக்கு பார்க்கிறவனிடம் நாள்கணக்கு பார்க்கச் சொல்கிறாள். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலைக்குப் போனவர்கள் இருக்கிற வீடுகளில் இந்தப் பாட்டுக்கு உரை தேவைப்படாது.

அரசனிடம் சொன்னது

சங்க இலக்கியத்தில் இந்தக் கருத்தைக் குடி, மகிழ் என்றே முடிக்கும் பாட்டும் இருக்கிறது. தலையாலங்கானத்தில் சேரனையும் சோழனையும் வேளிர் ஐவரையும் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியனிடம் மாங்குடி கிழார் பாடியது, புறநானூறு 24. பொற்கிண்ணத்தில் பெண்கள் ஏந்தித்தரும் குளிர்ந்த மணமுள்ள தேறலைக் குடித்து மகிழ்ந்து இனிதாக இரு, பெருமானே என்கிறார். "ஆங்கது வல்லுநர் வாழ்ந்தோர் என்ப" என்று சேர்க்கிறார். அப்படி இருக்கத் தெரிந்தவர்களைத்தான் வாழ்ந்தவர்கள் என்று சொல்வார்கள். மற்றவர்கள்? இந்த உலகத்தில் தோன்றினார்கள், புகழ் எட்டும் இடத்துக்குப் போகாமல் நின்று அழிந்தார்கள்.

இதே புலவர் இதே அரசனுக்குப் பாடியதுதான் மதுரைக்காஞ்சி. பத்துப்பாட்டில் மிக நீளமானது, 782 வரி. காஞ்சி என்றாலே நிலையாமை சொல்லும் திணை. ஆனால் படிக்கப் புகுந்தால் மதுரை நகரத்தின் கடைத்தெருவும் கொடிகளும் இரவுக் காவலும் திருடர்களும்தான் கண்முன் நிற்கிறார்கள். இந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவில் ஓர் இடத்தில் புலவர் நிதானமாகச் சொல்கிறார்:

"திரையிடு மணலினும் பலரே உரைசெல
மலர்தலை உலகம் ஆண்டு கழிந்தோரே."

அலை கொண்டுவந்து குவிக்கும் மணலைவிட அதிகம், புகழோடு உலகை ஆண்டு செத்துப்போன அரசர்கள். போர் போர் என்று அலைகிற ஓர் அரசனின் முகத்துக்கு நேரே இதைச் சொல்வதற்குத் தைரியம் வேண்டும். பாட்டை முடிக்கும்போது, உனக்கென்று அளந்து தந்த வாழ்நாளில் தேறல் பருகி நாளும் மகிழ்ந்திரு என்கிறார். இங்கே "மகிழ்ந்திரு" என்பதற்குள் "சண்டையைப் போதும் என்று நிறுத்து" என்ற பொருளும் இருக்கிறது என்றுதான் நான் படிக்கிறேன். அரசனிடம் நேரடியாகச் சொல்லமுடியாததை மதுக்கிண்ணத்தைக் காட்டிச் சொல்லியிருக்கிறார்.

கொஞ்ச காலத்தில் தமிழில் அந்த "அதனால்" மாறுகிறது. நாலடியார் இப்படிப் போகிறது:

"இன்றுகொல் அன்றுகொல் என்றுகொல் என்னாது
பின்றையே நின்றது கூற்றமென் றெண்ணி
ஒருவுமின் தீயவை, ஒல்லும் வகையான்
மருவுமின் மாண்டார் அறம்."

எமன் இன்றைக்கு வருவானா என்றைக்கு வருவானா என்று யோசிக்காதே, பின்னாலேயே நிற்கிறான். மார்வெலின் முதுகுக்குப் பின்னால் கேட்ட தேர் இங்கே எமனாக நிற்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் நாலடியாரின் முடிவு: கெட்டதை விடு, முடிந்த அளவு நல்லது செய். முதல் பாதி ஒன்றாகவே இருந்தும் இரண்டாம் பாதி எவ்வளவு தூரம் விலகமுடியும் என்பதற்கு இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் போதும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு பாட்டு. பக்குடுக்கை நன்கணியார் பாடிய புறநானூறு 194. ஒரு வீட்டில் சாவுப் பறை, அடுத்த வீட்டில் கல்யாண முழவு. ஒருத்தி பூச்சூடி நிற்கிறாள், இன்னொருத்தியின் மையிட்ட கண்ணில் நீர் கொட்டுகிறது. இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று ஒரு திட்டு. பிறகு: "இன்னாது அம்ம இவ்வுலகம், இனிய காண்க இதன் இயல்புணர்ந் தோரே." உலகம் கொடியதுதான், அதன் இயல்பு தெரிந்தவர்கள் இனியதைக் கண்டுகொள்ளுங்கள். குடி என்றும் சொல்லவில்லை, கொடு என்றும் சொல்லவில்லை. பார் என்கிறார். அந்தந்தக் கணத்தில் இருப்பது என்று இன்று தியான வகுப்புகளில் சொல்வதற்கு மிக அருகில் வருவது இந்த வரிதான். ஆனால் அந்த வகுப்புகளில் படைத்தவனைத் திட்ட விடமாட்டார்கள்.

ஜப்பானிய ஹைக்கூவும் இந்தப் பக்கத்தைச் சேர்ந்ததே. பழைய குளம், தவளை குதிக்கிறது, தண்ணீர்ச் சத்தம் என்று பாஷோ எழுதிய மூன்று வரியில் "அதனால்" என்ற பகுதியே கிடையாது. கணத்தைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறது.

உமர் கய்யாமைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நடக்காது. பாரசீகத்தின் நிஷாப்பூரில் 1048-ல் பிறந்தவர், கணித மேதை, நாள்காட்டியைச் சீர்திருத்திய குழுவில் இருந்தவர். காலத்தை அவ்வளவு நுணுக்கமாக அளந்தவரின் பெயரில், காலத்தை மறந்து குடி என்னும் நாலுவரிப் பாட்டுகள் வழங்குகின்றன. எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு 1859-ல் ஆங்கிலத்தில் போட்டார். புத்தகம் விற்காமல் ஒரு பென்னிக்குக் கிடைக்கும் பெட்டிக்குப் போனது. அங்கிருந்து யாரோ எடுத்துப் படித்துத்தான் உலகப் புகழ் வந்தது. தமிழில் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் வரிகள் பலருக்கு மனப்பாடம்:

"வெய்யிற் கேற்ற நிழலுண்டு,
வீசும் தென்றல் காற்றுண்டு,
கையில் கம்பன் கவியுண்டு,
கலசம் நிறைய மதுவுண்டு."

மது வரிக்கு முன்னாலேயே நிழலும் காற்றும் கவியும் வந்துவிடுகின்றன. இந்தப் பாட்டைக் கேட்டுக் குடிக்கப் போனவர் யாரையும் எனக்குத் தெரியாது. நாகர்கோவில் பக்கம் போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றியவர்கள் நிறைய.

மெட்டு ஏறியபின்

பாட்டாக மாறும்போது இந்தக் கருத்துக்கு ஒரு விசித்திரம் சேர்கிறது. இசை காலத்தில்தான் நடக்கிறது, கேட்கும்போதே போய்விடுகிறது. ஆனால் பல்லவி திரும்பத் திரும்ப வரும். போன கணம் வராது என்று பாடும் வரியே மூன்று தடவை, நாலு தடவை வந்து நிற்கும். இசைத்தட்டு வந்தபின் இன்னும் மோசம், அறுபது வருஷத்துக்கு முன் ஒரு பிற்பகலில் ஒருவர் பாடிய மூச்சு இன்றைக்கும் அதே இடத்தில் அதே மாதிரி வருகிறது. கவிதையில் இல்லாத இந்த முரண்தான் பாட்டின் ருசி.

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பட்டமளிப்பின்போது பாடப்படும் ஒரு பழைய லத்தீன் பாட்டு உண்டு. இளமை இருக்கும்போதே மகிழ்வோம், அப்புறம் மண் நம்மை எடுத்துக்கொள்ளும் என்று தொடங்கும். மாணவர்களின் குடிப்பாட்டாகப் பெயர் வாங்கியது. பிராம்ஸ் 1880-ல் எழுதிய ஓர் இசைக்கோவையின் முடிவில் அதன் மெட்டு முழு ஆர்கெஸ்ட்ராவோடு முழங்கும். மண்ணுக்குப் போவதை இவ்வளவு உற்சாகமாக வேறு யாரும் பாடியதில்லை.

சினிமாப் பாட்டுகளில், முதலில் வேறு வகையாக ஒன்றைப் பிரித்து வைத்துவிடவேண்டும். 1956-ல் ஹிட்ச்காக் படம் ஒன்றுக்காக டோரிஸ் டே பாடி ஆஸ்கர் வாங்கிய "கே சரா சரா". அடுத்த வருஷமே அந்த மெட்டு "ஆரவல்லி" படத்தில் "சின்னப் பெண்ணான போதிலே" என்று ஜிக்கி, ஏ.எம். ராஜா குரலில் தமிழுக்கு வந்துவிட்டது. நடப்பது நடக்கும், நாளைக்கு என்ன என்று யாருக்குத் தெரியும் என்பது இதன் சாரம். முதல் பாதி மட்டும் இருக்கிறது. "அதனால் இதைச் செய்" இல்லை. இது ஏற்றுக்கொள்ளல், தாலாட்டுக்கு நெருக்கமானது. ஹிட்ச்காக் அதைப் பயன்படுத்திய விதம் சாமர்த்தியமானது: தாய் பிள்ளைக்கு விளையாட்டாகப் பாடிக்காட்டிய பாட்டை, பிள்ளை கடத்தப்பட்ட பிறகு, அவன் காதில் எப்படியாவது விழவேண்டும் என்று ஒரு தூதரகத்தில் உரக்கப் பாடுகிறாள். நாளைக்கு என்ன ஆனால் என்ன என்று சொல்லும் பாட்டை, நாளைக்கு என்ன ஆகுமோ என்ற நடுக்கத்தோடு.

1965-ல் வந்த இந்திப் படம் "வக்த்". எதிர்காலத்தைப் பற்றிப் பெருமையாகத் திட்டம் போடும் ஒரு வியாபாரியின் குடும்பத்தை நிலநடுக்கம் சிதறடிக்கிறது, அங்கிருந்து கதை. அதில் ஆஷா போஸ்லே ஒரு பார்ட்டியில் பாடும் பாட்டு, சாஹிர் லுதியான்வி எழுதி ரவி இசையமைத்தது: முன்னால் என்ன என்று உனக்குத் தெரியாது, பின்னால் என்ன என்றும் தெரியாது, இருப்பது இந்தக் கணம்தான். கேட்பதற்குக் கிளப் பாட்டு. ஆனால் நிலநடுக்கத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிறவனுக்கு அது எச்சரிக்கையாகவும் கேட்கும். மது, விளக்கு, நடனம் எல்லாம் பின்னணியில் இருக்க முதல் பாதியை மட்டும் அழுத்திச் சொல்லும் பாட்டு.

ஒரே பாட்டுக்கு இரண்டு "அதனால்" இருக்கமுடியும் என்று காட்டிய படம் அகிரா குரோசாவாவின் "இகிரு". 1952. இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றே ஒன்றைத் தேடிப் பார்ப்பதாக இருந்தால் இதைப் பாருங்கள். வாதனாபே நகராட்சி அலுவலகத்தில் ஒரு பிரிவின் தலைவர். முப்பது வருஷமாக லீவு போடாமல் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து முத்திரை குத்தியவர். வயிற்றில் புற்றுநோய் என்று தெரியவருகிறது. முதலில் மார்வெல், ஹோரஸ் எல்லாரும் சொன்னதைச் செய்துபார்க்கிறார்: ஒரு எழுத்தாளனோடு இரவெல்லாம் மதுக்கடை, நடனக் கூடம் என்று சுற்றுகிறார். ஒரு கூடத்தில் பியானோக்காரரிடம் 1915-ல் வந்த ஒரு பழைய பாட்டைக் கேட்டு வாங்கித் தானே பாடுகிறார். வாழ்வு சிறியது, பெண்ணே, காதலி, உதட்டின் சிவப்பு மங்கும் முன்னே என்று போகும் பிரபலமான பாட்டு. பெண்களுக்கு எழுதிய இந்த அறிவுரையை ஒரு கிழவர், கண்ணில் நீர் வழிய, தொண்டை கட்டிய குரலில் பாட, ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிடுகிறார்கள். பக்கத்தில் இருந்த பெண்கள் நகர்கிறார்கள். பாட்டு பொய்யாகிவிடவில்லை, ஆனால் அவர் வாங்க வந்தது அந்தக் கடையில் இல்லை.

அப்புறம் அவர் ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறார். சாக்கடை தேங்கிய ஒரு இடத்தைக் குழந்தைகள் விளையாடும் பூங்காவாக்கக் கோரி அந்தத் தெருப் பெண்கள் பிரிவு பிரிவாக அலைக்கழிக்கப்பட்ட மனு அது. ஒவ்வொரு அதிகாரியின் மேசை முன்னாலும் போய் நின்று, தலைகுனிந்து, விடாமல் நின்று, பூங்காவைக் கட்டி முடிக்கிறார். பனி பெய்யும் இரவில் அந்தப் பூங்காவின் ஊஞ்சலில் ஆடிக்கொண்டே அதே பாட்டைத் திரும்பப் பாடுகிறார். சொல் மாறவில்லை, மெட்டு மாறவில்லை. முதல்தடவை அழுகை, இரண்டாம் தடவை நிம்மதி. ஹோரஸ் சொன்ன மதுவும் நாலடியார் சொன்ன அறமும் ஒரே படத்தில், ஒரே பாட்டில்.

தமிழ் சினிமாவுக்கு வருவோம். "இளமை இதோ இதோ" 1982-லிருந்து ஒவ்வொரு புத்தாண்டு இரவுக்கும் நேர்ந்துவிடப்பட்ட பாட்டு. அதில் தத்துவம் தேடவேண்டாம், பன்னிரண்டு மணி அடிக்கும்போது ஆடுவதற்கு எழுதியது, அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது. 1994-ல் "காதலன்" படத்தின் ஊர்வசிப் பாட்டு, ஏ.ஆர். ரகுமான் இசை, "டேக் இட் ஈசி"யை ஒரு பாலிசியாகவே அறிவித்தது. அதில் சாவு இல்லை. பெரும்பாலும் சில்லறை ஏமாற்றங்கள்தான், எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: லேசாக எடுத்துக்கொள். வாழ்வு ஒருமுறைதான் என்று பொருள்படும் யோலோ என்ற சுருக்கச் சொல்லை 2011-ல் டிரேக் என்ற கனடா ராப் பாடகர் ஊரெங்கும் பரப்பினார். அதன்பின் அது சட்டையில், கோப்பையில், விளம்பரத்தில் எல்லாம் வந்தது. முதல் பாதியை ஒரு சொல்லாகச் சுருக்கிவிட்டால் இரண்டாம் பாதியில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். பெரும்பாலும் விற்பனைக்காரர்கள் எழுதிக்கொள்கிறார்கள்.

என் காதுக்கு, நம் சினிமாவில் இந்தக் கருத்தை உண்மையாகத் தொடும் பாட்டு ஆட்டப்பாட்டு எதுவும் இல்லை. "நெஞ்சில் ஓர் ஆலயம்" படத்தின் "நினைப்பதெல்லாம் நடந்துவிட்டால்". 1962, கண்ணதாசன் எழுத, பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடியது. ஏறக்குறைய முழுப் படமும் ஓர் ஆஸ்பத்திரிக்குள் நடக்கிறது. மார்வெல் பிணத்தைக் காட்டிப் பயமுறுத்திய இடத்தில், இங்கே நோயும் படுக்கையும் உண்மையாகவே இருக்கின்றன. பாடுகிற குரலில் அவசரம் கொஞ்சமும் கிடையாது. நடந்ததையே நினைத்துக்கொண்டிருந்தால் அமைதி கிடைக்காது என்று அந்தப் பாட்டு சொல்வது, எதிர்காலத்தைப் பற்றிய பேச்சே இல்லை. அது கடந்தகாலத்தைப் பற்றியது.

அந்தத் திசையில் முன்பே போய் நின்றவர் பாரதி.

"சென்றதினி மீளாது மூடரே! நீர்
எப்போதும் சென்றதையே சிந்தை செய்து
கொன்றழிக்கும் கவலையெனும் குழியில் வீழ்ந்து
குமையாதீர்! சென்றதனைக் குறித்தல் வேண்டாம்;
இன்றுபுதி தாய்ப்பிறந்தோம் என்று நீவிர்
எண்ணமதைத் திண்ணமுற இசைத்துக் கொண்டு
தின்றுவிளை யாடியின்புற் றிருந்து வாழ்வீர்."

இவ்வளவு நேரம் பார்த்த எல்லாரும் நாளையைக் காட்டிப் பயமுறுத்தினார்கள், அல்லது நாளையை மறக்கச் சொன்னார்கள். பாரதிக்கு நாளை ஒரு பிரச்சினையே இல்லை. எமன் இல்லை, வாடும் பூ இல்லை, கடைசிக் குளிர்காலம் இல்லை. எதிரி நேற்றுதான். "சாகப்போகிறோம், அதனால்" என்று எல்லாரும் தொடங்கும் இடத்தில் இவர் "இன்று பிறந்தோம், அதனால்" என்று தொடங்குகிறார். மதுவும் கேட்கவில்லை, தின்று விளையாடு என்பது நாம் பிள்ளைகளிடம் சொல்வது. இந்த அறிவுரையை ஹோரஸ் ஒரு பெண்ணிடம் நிதானமாகச் சொன்னார், மாங்குடி கிழார் அரசனிடம் மரியாதையோடு சொன்னார். கேட்கிறவர்களை மூடரே என்று ஒரு அதட்டு அதட்டி உட்காரவைத்துவிட்டு, போய்ச் சாப்பிட்டு விளையாடுங்கள் என்றவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.